வேர்க்கடலை வேண்டுதல்

எங்கள் நிலத்தில் கோடைக்கு வேர்க்கடலைதான். செடி பிடுங்கும் சமயத்தில் வாசல், கூடம், கட்டிலுக்கடியில் என்று வீடு முழுக்கக் கடலை கிடக்கும். எனக்கோ அது ஆகாது. ஒன்றைக் கடித்தாலும் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். அதனால் ஒன்பது வயதில், பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாளே என்னைப் பெங்களூருக்கு மாமாவிடம் அனுப்பிவிட்டார்கள். அலர்ஜி என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கடலைக்கு இடம் வேண்டுமென்று என்னை வெளியே அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் போனேன்.

மாமா எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டிக்கொண்டிருந்தார். தங்கியது அடுகோடி என்ற இடத்தில், மற்ற டிரைவர்களோடு ஒரே அறையில். அங்கே அடுப்பு கிடையாது. எல்லா வேளையும் ஓட்டல்தான்.

முதல் நாள் சித்ரான்னம் வாங்கினோம். பையனுக்குக் கடலை ஆகாது என்று மாமா சொன்னதும், பரிமாறியவர் எங்கள் கண்ணெதிரிலேயே கடலையைக் கரண்டியால் பொறுக்கிவிட்டுத் தட்டை நீட்டினார். அது போதும் என்று நாங்களும் நம்பினோம். சில வாய் சாப்பிடுவதற்குள் மூச்சு இழுத்தது. வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்தியிருந்ததால் மாமா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர், கடலை பட்ட எண்ணெயோ கரண்டியோ கூட ஆகாது என்றும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றும் மாமாவைத் திட்டினார்.

மறுநாள் மாமா என் நெற்றி நிறைய விபூதி பூசினார். அறையிலிருந்த யாரிடமோ ருத்திராட்சம் கடன் வாங்கிக் கழுத்தில் மாட்டினார்.

"யார் என்னா கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு, மாப்ள."

வேறொரு ஓட்டலுக்குப் போனோம். பையன் ஹரகேயில் இருக்கிறான், கடலை பட்ட எதுவும் நாக்கில் படக்கூடாது, பட்டால் சாமி குத்தம் என்று மாமா முதலாளியிடம் கன்னடத்தில் சொன்னார். ஹரகே என்றால் அங்கே வேண்டுதல். முதலாளி கல்லாவை விட்டே எழுந்துவிட்டார்.

"ஹரகேன்னா மொதல்லயே சொல்லணும்ல, குரு?"

சமையல்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். புதுத் துணி விரித்து எனக்கென்று தனியாக இட்லி வேகவைத்தார். நோய்க்குக் கிடைக்காத மரியாதை வேண்டுதலுக்குக் கிடைத்தது. மூலையில் ஒரு மேசையைத் துடைத்து, இலை போட்டு, என்னை மட்டும் உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் எட்டியே உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா மட்டும் கொஞ்சம் கிட்டே வந்து, "எம் பொண்ணுக்கு வேல கெடைக்கணும்னு வேண்டிக்கோ கண்ணு" என்றாள். தலையை ஆட்டினேன்.

மாமா உட்காரவில்லை. வாசற்படியில் நின்றார். வண்டி வாசலிலேயே, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றது. கையில் சாவி. என் இலையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டி இருமல் வந்தது. ஒரே பாய்ச்சலில் வந்து என் மோவாயை நிமிர்த்தி உதட்டைப் பார்த்தார்.

"மூச்ச நல்லா இழுத்து வுடு."

இழுத்து விட்டேன். "எங்கூட உக்காரு மாமா" என்றேன்.

"நீ சாப்பிடு. நான் அப்புறம் சாப்பிடறேன்."

திரும்பவும் வாசற்படிக்குப் போய்விட்டார். விடுமுறை முழுக்க இப்படித்தான்.

இப்போது நானும் எலெக்ட்ரானிக் சிட்டியில்தான் வேலை பார்க்கிறேன். பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறேன். எந்த ஓட்டலுக்குப் போனாலும் அலர்ஜி என்று விளக்கமாகச் சொல்கிறேன். தலை நிமிராமல் "ஓகே சார்" என்கிறார்கள். வாசலுக்குப் பக்கத்து மேசையாகப் பார்த்து உட்கார்ந்து, முதல் வாய்க்குப் பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். என் முகத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

அந்த விடுமுறை முடிந்து மாமா என்னை ஊரில் கொண்டுவந்து விட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடியதை வந்ததுமே அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாவிடம் புகார் சொன்னேன்: "மாமா ஒரு நாளும் எங்கூட உக்காந்து சாப்பிடலம்மா. எப்படா கெளம்பலாம்னு சாவியக் கையிலயே வெச்சிருந்தாரு."

அம்மா மாமாவைப் பார்த்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா மாமாவின் தட்டில், அவர் போதும் போதுமென்று கையால் மறைக்க மறைக்க, இன்னும் சோறு போட்டுக்கொண்டே இருந்தாள். புகார் சொன்ன என்னை விட்டுவிட்டு அவரை ஏன் இப்படிக் கவனிக்கிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.