கேட் வைக்காத வேலி

கொண்டாப்பூரில் மகன் குடியிருக்கும் அடுக்ககத்தில், தரைத்தளத்து வீடுகளுக்கு முன்னால் உள்ள கையகலப் புல்தரையைச் சுற்றி நேற்று வெள்ளை மர வேலி நட்டார்கள். இடுப்பளவு உயரம், கூர்முனைப் பட்டைகள், பட்டைக்குப் பட்டை நாலு விரல் இடைவெளி. பிள்ளைகள் வீடு வரைந்தால் சுற்றிலும் போடுவார்களே, அதே வேலி. அறுத்த மரத்தின் வாசனை பால்கனிக்கு ஏறி வந்ததும் நான் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அழகாத்தானே இருக்கு, ஏம்ப்பா மூஞ்சியச் சுளிக்கிறீங்க?" என்றான் மகன். பெயின்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பொய். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

இதே ஊரின் இன்னொரு கோடியில் நான் முதலில் குடியிருந்த ஏ.எஸ்.ராவ் நகர் அன்று பாறையும் முள்ளுமாகக் கிடந்தது. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது வருவதற்குள் தாடி வளர்ந்துவிடும் என்று தொழிற்சாலையில் கேலி பேசுவோம். நான் அங்கே எஞ்சினியர். வெள்ளைச் சட்டையும் சட்டைப்பையில் இரண்டு பேனாவும் போட்ட அந்த ஆளை இன்று எதிரில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் வீட்டுக்குப் பின்னால், முதுகோடு முதுகாக, ஆரோக்கியசாமியின் வீடு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவர் என்னைச் சார் என்பார், நான் அவரை ஆரோக்கியம் என்பேன். அது எனக்கு அன்று உறுத்தியதே இல்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெறும் மண்தான். அவர் மனைவி ஸ்டெல்லாவும் என் மனைவி வசந்தாவும் நடந்து நடந்து, ஒரு அடுப்படிக் கதவிலிருந்து இன்னொரு அடுப்படிக் கதவுக்குப் புல் முளைக்காத தடம் ஒன்று விழுந்திருந்தது. தெலுங்கும் தெரியாமல் இந்தியும் தெரியாமல் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கிய வசந்தாவுக்கு, பேச்சுத் துணை என்று இருந்தது ஸ்டெல்லா ஒருவர்தான். நான் டூரில் இருந்தபோது வலி எடுத்தவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், பிறந்தவனை முதலில் கையில் வாங்கியதும் அவரே.

ஆனால் கருவாடு என்று ஒன்று இருந்ததே! ஊரிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவரும் கருவாட்டை, பூச்சி விழாமலிருக்க ஸ்டெல்லா பின்புறம் கயிற்றுக்கட்டிலில் பரப்பி வெயில் காட்டுவார். முட்டைகூட நுழையாத வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த வாடைக்கு மூக்கைப் பொத்த ஆரம்பித்தவன், பிறகு அந்தக் கட்டிலைப் பார்த்தாலே முகம் சுளித்தேன். பிறகு அந்தக் கைகள் என் பிள்ளையைத் தூக்குவதைப் பார்த்தும் சுளித்தேன். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே குமட்டுகிறது. எழுதத்தான் வேண்டும்.

வெளிநாட்டு இயந்திரங்கள் வந்து இறங்கும் மரப்பெட்டிகளைப் பிரித்து, பலகைகளைத் தொழிற்சாலையில் ஊழியர்களுக்கே விற்பார்கள். நல்ல பைன் மரம், ஊதுவத்தி மாதிரி ஒரு மணம். வாங்கி வந்து வேலிக்குப் பட்டைகளாக அறுத்தேன். சிலவற்றில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறியோடு ஏதோ மொழியில் அச்சடித்திருந்தது. கம்பங்களின் அடியில் தார் பூசிக் காயவைத்தேன். கேட்டவர்களிடமெல்லாம், ஆடு மேய்ந்து செடி தங்கவில்லை என்று சொன்னேன்.

அந்த ஆட்டுக் கதையை நம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரையோடு வந்து நின்றார் ஆரோக்கியசாமி.

"கைக்கு சார் கூலிக்கு ஆளு? நான் சும்மாதானே குந்திக்கினு இருக்கேன்." உருதும் தமிழும் கலந்த பேச்சு அவருக்கு; 'கைக்கு' என்றால் எதற்கு.

தெருப்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் முடித்துவிட்டுப் பின்புறம் வந்தோம். குழி தோண்டிக்கொண்டே போனவர் அந்தத் தடத்துக்கு வந்ததும் ஒரு குழிக்கு இடம் விட்டுத் தள்ளித் தோண்டினார்.

"இங்க சின்னதா ஒரு கேட்டு வெச்சுடலாம் சார். பொம்பளைங்க போவ வர."

"வேண்டாம். நேரா அடிச்சிடலாம்."

"அப்ப எப்படி வருவாங்கோ?"

"ரோட்டு வழியா வரட்டுமே."

ரோட்டு வழியாக என்றால் முழுத்தெருவைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அவர் சிரித்தார்.

"ஆடு ரோட்டுப் பக்கமிருந்துல்ல சார் வருது. என் வூட்ல ஏது ஆடு?"

நான் பட்டையில் இருந்த ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"சொல்லியிருந்தா மாடி மேல காய வெச்சிருப்போமே, சார்."

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் தள்ளித் தோண்டிய குழியை மூடினார். தடத்தின் நடுவிலேயே புதிய குழி எடுத்தார். கம்பத்தை நிறுத்தி, ஜல்லி போட்டு இடித்து, அசைத்துப் பார்த்தார். வசந்தா காபி கொண்டுவந்தாள்.

"நக்கோம்மா, வேணாம்" என்றார். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்கு ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

வசந்தா வேலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பட்டைகளுக்கு நடுவில் விரலை விட்டு ஆட்டினாள்.

"நாத்தத்தைத் தடுக்கவாங்க இது? நல்லாப் படிச்சீங்க எஞ்சினியருக்கு!"

அவள் சொன்னது சரிதான். இடைவெளி விட்ட வேலியில் எந்த வாடை நின்றிருக்கிறது? நான் நிறுத்த நினைத்தது வாடையை அல்ல. அதை அவளும் புரிந்துகொண்டாள், அதனால்தான் அதற்குமேல் கேட்கவில்லை.

கருவாடு மறுநாளே கயிற்றுக்கட்டிலை விட்டுப் போய்விட்டது. ஸ்டெல்லா அப்புறம் ஒரே ஒரு தடவை வந்தார், தெருவைச் சுற்றி. அடுப்படிக்குள் வந்து பாத்திரத்தைத் திறந்து பார்ப்பவர், செருப்பை வாசலுக்கு வெளியே விட்டு, நிலையைத் தாண்டாமல் நின்று, குழந்தையை விசாரித்துவிட்டுப் போனார். "உள்ள வாங்கக்கா, உள்ள வாங்கக்கா" என்று வசந்தா கையைப் பிடித்து இழுத்தாள். "இருக்கட்டும் வசந்தா, அடுப்புல வெச்சுட்டு வந்திருக்கேன்" என்றார். நான் ஹாலில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தேன். எழுந்து "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இருந்தது.

பிறகு சில மாதம், சாயங்காலங்களில் வசந்தா வேலியருகே போய்ச் சும்மா நிற்பாள். எதிர் அடுப்படிக் கதவு சாத்தியே இருக்கும். அடுத்த வருஷம் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு மௌலாலிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தாரையும் மீறி வேலியைக் கரையான் அரித்தது. நான் பிடுங்கிவிட்டுச் சுவர் எழுப்பினேன். வழி விடும் புத்தி எனக்கு அப்போதும் வரவில்லை.

இப்போது இரண்டு மனைகளையும் ஒருவரே வாங்கி, சுவரை இடித்துவிட்டு ஐந்து மாடி கட்டியிருக்கிறார். அடுப்படிகள் இருந்த இடமெல்லாம் கார் நிறுத்தும் இடம். குறுக்கே ஒரு தடையும் கிடையாது, இந்தத் தெருவில் நுழைந்து அந்தத் தெருவில் வெளியேறலாம். வசந்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஸ்டெல்லாவும் இல்லை என்று யாரோ சொன்னார்கள். வழி திறந்துதான் கிடக்கிறது.