டீப்பெட்டிப் பலகை

முனிகிருஷ்ணன் ஆச்சாரி எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரர் என்பது நகரியில் அவரிடம் கட்டில் செய்துகொண்ட அத்தனை பேருக்கும் தெரியும். ஒட்டுப்போடுகிற வேலைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். ரெண்டு ஆணி அடித்து ஒப்பேற்றுங்கள் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். அப்படிப்பட்ட மகராசன் சொந்த வீட்டுக்குச் செய்தது ஒரே ஒரு மேஜை. அதுவும் கல்யாணமான புதிதில், யார் யாருக்கோ அறுத்ததில் மிஞ்சிய துண்டுகளை வைத்து. இழுப்பறைக்கு அடிப்பலகை போடுவதற்குள் மரம் தீர்ந்துபோயிற்று. மளிகைக் கடையில் டீத்தூள் வந்த பெட்டியை வாங்கி உடைத்து, அந்த மெல்லிய பலகையைச் சொருகி வேலையை முடித்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் தேக்கு, எனக்கு மட்டும் டீப்பெட்டி" என்று மனைவி சந்திரம்மா அதை ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டினாள். தேக்கில் ஒன்று போட்டுத் தருகிறேன் என்று இவரும் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போட்டுத் தரவில்லை.

இப்போது இருவரும் திருப்பதியில், கொர்லகுண்டாவில், மகள் ஷோபா வாடகைக்கு இருக்கும் வீட்டில் இருக்கிறார்கள். சந்திரம்மாவுக்கு ஞாபகம் உதிர ஆரம்பித்த பிறகு நகரியில் தனியாக வைத்துச் சமாளிக்க முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவில் நடந்து போய்விடுவாள். சாமான்களையெல்லாம் விற்றபோது இந்த மேஜையை மட்டும் விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

நல்லதாய்ப் போயிற்று. வெயில் தாழ்ந்தால் போதும், அவளுக்கு ஒரு திகில் வந்துவிடும். இது யார் வீடு, ஊட்டுக்குப் போகலாம் வா என்று மகளை நச்சரிப்பாள். கட்டிய புருஷனை வாசலோடு நிறுத்தி, நீங்க யாரு என்று கேட்பாள். அந்த நேரத்தில் அவளை மேஜை முன்னால் உட்கார வைத்து இழுப்பறையைத் திறந்துவிட வேண்டும். கையை உள்ளே விட்டுத் துழாவுவாள். சீப்பு, குங்குமச் சிமிழ், ஜாக்கெட் கொக்கிகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் மூச்சு சமனப்படும். "நம்ம ஊடுதான்" என்பாள். பிறகு திரும்பிப் பார்த்து, "எப்ப வந்தீங்க?" என்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் முனிகிருஷ்ணன் பகல் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சாயங்காலம் அந்த அடிப்பலகை நடுவில் தொங்கிப் பிய்ந்து, சிமிழும் சீப்பும் அவள் கால்மேல் விழுந்தன. யாரோ அடித்ததுபோல அழுதாள். வேலை முடிந்து வந்த ஷோபா, அடியில் ரெண்டு ரீப்பர் கட்டையை வைத்து ஆணி அடித்தால் போதும் நைனா, அப்படியே இருக்கட்டும் என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்பதை மறந்துவிட்டாள் பாவம். ஆச்சாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரான் வீட்டிலேயே ஒட்டுப்போடாதவன் என் பெண்டாட்டி மேஜைக்கு ஒட்டுப்போடுவேனா என்று கத்தினார். கோபம் பாதிதான். மீதி வேறு. அவள் இத்தனை வருஷம் கேட்டதைக் கடைசியிலாவது செய்து கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை. அவள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம், சொல்லத்தான் தெரியாது.

மறுநாள் காலையில் கடைக்குப் போய்த் மேலே தேக்குத் தகடு ஒட்டிய மெல்லிய பிளைவுட் வாங்கிவந்தார். பின்பக்கத்து ஆணியைப் பிடுங்கி, பழைய பலகையை உருவி எடுத்தார். எடுக்கும்போதே அது மூன்று துண்டானது. தெருவில் விசிலடித்துக்கொண்டு வந்த குப்பை வண்டியில் தன் கையாலேயே போட்டார். சனியன் ஒழிந்தது என்றுகூடச் சொன்னார்.

பிறகு பலகை சொருகுகிற பள்ளமான காடியைச் சுற்றிலும் சின்ன உளியால் சுரண்டி, அத்தனை வருஷத்து அழுக்கையும் எடுத்தார். புதுப் பலகையை அளந்து அறுத்து, உப்புத்தாள் போட்டு, பின்னாலிருந்து காடிக்குள் தள்ளினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. பக்கங்களில் பசை வைக்காமல் பின்விளிம்பில் மட்டும் ஆணி அடித்தார். சந்திரம்மா நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை பிடித்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்தது. சந்திரம்மா தானாகவே எழுந்துவந்து இழுப்பறையை இழுத்துக் கையை உள்ளே விட்டாள். சீப்பைத் தொட்டாள், சிமிழைத் தொட்டாள், ஆனால் அங்கே நிற்கவில்லை. இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பலகையைத் தடவினாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடவினாள். என்றோ ஊதுவத்தி விழுந்து கருகிய குழி அங்கே இல்லை. நடுவில் வழக்கமாகக் கைக்குத் தட்டுப்படும் பள்ளம் இல்லை, விரலில் குத்தும் சிலாம்பு இல்லை. எல்லாம் வழவழவென்று இருந்தது. அவள் இத்தனை நாளும் எதைத் தேடினாள் என்பது முனிகிருஷ்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. குப்பை வண்டி போய் எத்தனை நேரமாயிற்று!

அவள் மெதுவாக இழுப்பறையை மூடினாள். மரத்தூள் படிந்த சட்டையும் பக்கத்தில் கருவிப்பையுமாக நின்றவரைப் பார்த்தாள். முகத்தில் திகில் இல்லை, வெளியாளிடம் காட்டுகிற மரியாதை இருந்தது. உள்ளே போய் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துவந்தாள். வேலை முடித்த ஆச்சாரியை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. அப்படி அனுப்பிய வீடுகளை, தன் புருஷனுக்காக, அவள் எத்தனை முறை திட்டியிருக்கிறாள்.

"வேல ரொம்ப நல்லா செஞ்சிக்கிறீங்க ஆச்சாரி" என்றாள். "வெளக்கு வெக்கிற நேரம் ஆயிடுச்சி. எங்க ஊட்டுக்காரரு வந்துடுவாரு. நீங்க கெளம்புங்க."

அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த ஷோபா பதறிக்கொண்டு வாயைத் திறந்தாள். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். இல்லை என்று சொன்னால் அவள் அலறுவாள், அது அவருக்குத் தெரியும். இரண்டு கையாலும் தட்டிலிருந்து வெற்றிலையை வாங்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

தெருக்குழாயில் முகம் கழுவினார். சட்டையை உதறித் தலையை ஈரக்கையால் வாரிக்கொண்டார். பையை மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்தார். வீட்டுக்கு வருகிற மனிதனாக வந்து கதவைத் தட்டி, "சந்திரா" என்று கூப்பிட்டார்.

ஜன்னல் திறந்தது. அவள் அவரைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி மகளிடம் சொன்னாள்.

"ஷோபா, ஆச்சாரி இன்னாவோ மறந்துட்டுப் போயிக்கிறாரு பாரு. எடுத்துக் குடுத்து அனுப்பு. உங்க நைனா ஏன் இன்னும் வரல?"

ஷோபா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். முனிகிருஷ்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "உளிய மறந்துட்டேன்."