குங்குமம் வைத்த மீன் பெட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, வைகாசி மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். கருங்குழியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே மாலையில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்குத் தாய்மாமன் என் வீட்டுக்காரர். தாய்மாமன் வீட்டுச் சீர் வந்து இறங்காமல் தட்டு மாற்ற மாட்டார்கள். அந்தச் சீரில் இனிப்பு என் பொறுப்பு.

"லட்டு, ஜாங்கிரின்னு கடையில வாங்கிகினு வந்துடு, போதும்" என்றுதான் நாத்தனார் சொன்னார். நான் கேட்டால்தானே? அப்போது எனக்குப் பழக் கப் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம். ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் செய்து கொடுப்பேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கப்பில், அடியில் நெய் சேர்த்துப் பொடித்த பிஸ்கட், அதன் மேல் அடித்த கிரீம், அதன் மேல் மாம்பழத் துண்டு, மறுபடி கிரீம், உச்சியில் மாதுளை முத்து. என் வீட்டுக்காரர் அதற்கு 'மாடி வீடு' என்று பெயர் வைத்திருந்தார். தரைத்தளம் பிஸ்கட், மொட்டை மாடி மாதுளை.

"நூத்தம்பது கப், என் கையால. சம்பந்தி வீட்டார் அசந்து போயிடுவாங்க அண்ணி" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நாத்தனாரோ, "கப்புல பழத்த வெட்டிப் போட்டா அது சீராடி? சரி, மானத்த வாங்காம இருந்தா சரி" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். ரோஷம் வந்துவிட்டது.

முதல் நாளே வேலையை ஆரம்பித்தேன். மாம்பழத்தை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வெள்ளைத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். சாறு கொஞ்சம் இருந்தாலும் கிரீமுக்குள் இறங்கி மஞ்சள் கோடாக வழியும், அடுக்கு அடுக்காகத் தெரிவதுதானே இதன் அழகே. எங்கள் ஃபிரிட்ஜ் போதாமல் அக்கம் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்களிலும் இடம் பிடித்து, எல்லாம் முடித்தபோது இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் வரிசையாக நின்ற கப்புகளைப் பார்த்தபோது, நாத்தனார் முகத்தை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்டதும் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மூன்று தெர்மோகோல் பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் அடியில் ஐஸைக் கொட்டி, அதன் மேல் கப்புகளை அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். என்ன புத்திசாலித்தனம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. நிழலுக்கு ஒரு புளிய மரம்கூட இல்லாத இடம். அவர் சக்கரத்தைக் கழற்றி, யாரோ ஒருவர் பைக்கில் தொற்றிக்கொண்டு போய், ஒட்டிக்கொண்டு வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. வண்டி மறுபடி கிளம்பி சதுரங்கப்பட்டினத்தை நெருங்கியபோது, பின்னால் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்த எனக்குள் ஏதோ உறுத்தியது. ஒரு பெட்டியின் டேப்பைப் பிரித்தேன்.

ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. கப்புகள் அதில் மிதந்துகொண்டிருந்தன. சில சாய்ந்து, சில கவிழ்ந்து, உள்ளே கிரீமும் மாம்பழமும் குழைந்து கிடந்தன. மற்ற இரண்டு பெட்டிகளிலும் அதே கதிதான். நிமிர்ந்து நின்றவற்றிலும் கிரீம் இளக ஆரம்பித்திருந்தது. மாலையில் பரிமாறும் வரை இந்த வெக்கையில் இருந்தால் நூற்றைம்பதும் பாயசம்தான்.

"நிறுத்துங்க!" என்று நான் கத்திய கத்தலில் அவர் பயந்துபோய் ஓரம் கட்டினார். எட்டிப் பார்த்தவர், "மாடி வூடு இடிஞ்சி போச்சா?" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார், பாவம். எனக்கு அழுகை வந்துவிட்டது. தாய்மாமன் வீட்டிலிருந்து இனிப்பில்லாத சீரோடு போய் நிற்பதா? கடையில் லட்டு வாங்கினால்கூட, 'நான் அப்பவே சொன்னேன்' என்று நாத்தனார் ஆயுசுக்கும் சொல்வாரே.

"கடலாண்ட வந்துட்டு ஐஸுக்கா பஞ்சம்?" என்று அவர் வண்டியை ஊருக்குள் விட்டார். மீனுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் ஒரு ஷெட்டைக் கண்டுபிடித்தோம். பூட்டியிருந்தது. மீன்பிடி தடைக்காலம், பெரிய படகுகள் கடலுக்குப் போகாத நாட்கள். ஐஸ்காரருக்கு வேலை ஏது? பக்கத்தில் ஒரு கூரை நிழலில் ஓர் அம்மா கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும்.

"இன்னாம்மா, அழுதுகினு கீற?" என்று கேட்டபடியே எழுந்து வந்தார். பெட்டிக்குள் பார்த்தார். ஒரே பார்வைதான்.

"யாரு இப்பிடி வெச்சது? ஐஸ அடியில போட்டு சாமான மேல வெச்சா, குளிரு இன்னா ஏணி வெச்சா மேல ஏறும்? குளிரு கீழதான் எறங்கும். தண்ணி போறதுக்கு ஓட்ட எங்க?"

என் புத்திசாலித்தனம் அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. அவர் தன் ஃபோனை எடுத்து ஐஸ்காரரைக் கூப்பிட்டு, "சாப்ட்டது போதும், ஒடனே வா" என்றார். பிறகு என்னிடம், "இந்த வெள்ளப் பொட்டி ஆவாது. நம்ம மீன் பொட்டி ஒண்ணு தரேன்" என்றார்.

அப்போது நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். "கிரீம்ல மீன் வாடை ஏறிடாதா?" என்று கேட்டேன். உதவ வந்தவரின் முகத்துக்கு நேராக, மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

அவர் கோபப்படவில்லை. "வா, வந்து மோந்து பாரு" என்று வீட்டுக்குள் அழைத்துப் போனார். சாமி படத்துக்குக் கீழே ஒரு பெரிய நீலப் பெட்டி இருந்தது. புத்தம் புதியது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. மூடியைத் திறந்தார். பிளாஸ்டிக் வாசனையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"தடை முடிஞ்சி படகு போற அன்னிக்கு எடுக்கலாம்னு வாங்கி வெச்சேன். புதுப் பொட்டியில மொதல்ல மீனுதான் வெக்கணும், எங்க வூட்ல அப்பிடி."

என் வீட்டுக்காரர் இரண்டடி பின்வாங்கினார். "வேணாங்க. உங்க தொழிலு. சாங்கியத்த மாத்தினா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா எங்களுக்குத்தான் பாவம்."

அந்த அம்மா ஒரு நிமிடம் சாமி படத்தைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். சும்மா ஒப்புக்குக் கொடுக்கிற மனுஷியாக இருந்தால் அப்படி யோசித்திருக்க மாட்டார். பிறகு, "பொண்ணுக்குப் பரிசம் போடற எடத்துக்குப் போற இனிப்புதான? அத்த வுட நல்லது இன்னா கீது? புடி அந்தப் பக்கம்" என்றார்.

ஐஸ்காரர் வந்து பாளத்தை உடைத்துக் கொடுத்தார். அந்த அம்மா கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினார். அதை என் கண்ணெதிரே, நான் பார்க்க வேண்டும் என்றே செய்தார் என்று இப்போது தோன்றுகிறது. அடியில் கொஞ்சம் ஐஸ், அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதில் கப்புகள், நடுவில் அட்டை, மறுபடி கப்புகள், மேலே விரிப்பு, அதற்கு மேல்தான் ஐஸில் பெரும்பங்கு. சுற்றிலும் இடுக்கு விடாமல் பொடி ஐஸைத் திணித்தார். அவரும் அடுக்குதான் கட்டினார், என்னைவிட நன்றாக. கவிழ்ந்துபோன இருபத்துச் சொச்சத்தைத் தவிர மற்றவை பிழைத்தன. குழைந்ததில் ஒன்றை எடுத்து அங்கேயே ருசி பார்த்து, "நல்லாத்தான் கீது, ஐஸ்தான் உனுக்கு வெக்கத் தெர்ல" என்றார்.

வண்டி கிளம்பும்போது அவரும் பின்னால் ஏறிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நீ வழியில நாலு தபா தொறந்து பாப்ப. எனுக்குத் தெரியும்" என்றார். கடற்கரைச் சாலை முழுக்க அந்த மூடியின் மேல் கையை வைத்தபடியே வந்தார்.

மண்டபம் வந்தது. பெட்டியைப் பின்வாசல் வழியாக இறக்கி, பரிமாறும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். பார்த்தாலே மீன் பெட்டி என்று எவருக்கும் தெரியும். சம்பந்தி வீட்டார் யாரும் பார்ப்பதற்குள் நான் அவசர அவசரமாகச் சீர்த் தட்டுகளைச் சுற்றியிருந்த பூப்போட்ட துணியை எடுத்து அதன் மேல் போர்த்தினேன். திரும்பினால், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் குனிந்து, துணியின் ஓரத்தைப் பெட்டிக்கு அடியில் நன்றாகச் சொருகினார். "நல்லா மூடு. உள்ள காத்து போவாது" என்றார். தண்ணீர் சேர்ந்தால் பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையின் அடைப்பைத் திறந்துவிடச் சொன்னார். "தோ, பஸ்ஸு வருது" என்று போய்விட்டார். இருந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதிவிடலாம். அது பொய். அவர் புடவையில் கருவாட்டு வாசம் இருந்தது, அவர் போனதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இனிப்பு பரிமாறினோம். அந்தப் புழுக்கத்தில் கப்பைக் கையில் வாங்கியவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்த வெயில்ல எப்பிடிம்மா இவ்ளோ ஜில்லுனு எடுத்துகினு வந்த?" என்று கேட்டார். "பெரிய கூலர் பாக்ஸ் ஒண்ணு வாடகைக்கு எடுத்தேன்" என்றேன். நாத்தனார் பக்கத்திலேயே நின்றார், முகத்தில் அத்தனை பெருமை. "எங்க தம்பி வூட்டம்மா" என்று நாலு பேரிடம் சொன்னார். நான் ஏங்கிய வார்த்தைதான். ஆனால் என் கையில் இருந்த கப்பை ருசி பார்க்காமலே கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பெட்டியைக் கழுவித் துடைத்து, நானே மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு தட்டில் பூ, பழம், புடவை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனோம். "அக்கா, நேத்து நான் துணி போட்டு மூடினது..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"தெரியும்மா. நானும் விசேஷத்துக்குப் போனா கையில எலுமிச்சம்பழம் தேச்சிகினுதான் போவேன். ஜனங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு கீதே, இன்னா பண்றது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மீன் பெட்டி என்று கேட்டதும் குதிப்பார் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டேன். அவர் குதிக்கவில்லை.

"பொட்டிய மூடின, சரி" என்றார். "அந்தம்மாவ ஏன்டி சாப்புடாம அனுப்பின? எம்பொண்ணு விசேஷத்துல மானத்தக் காப்பாத்தினவ வெறும் வயித்தோட போயிருக்கா."

எந்த வாய்க்குப் பயந்து நான் அத்தனையும் செய்தேனோ, அந்த வாயிலிருந்து வந்த வார்த்தை அது. என் நாத்தனாரை அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆவணியில் கல்யாணத்துக்கு அவரே சதுரங்கப்பட்டினம் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். முதல் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அந்த அக்கா எலுமிச்சை தேய்த்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு பயம் இருந்தது. தடை முடிந்த அன்று மீன் கிடைக்காமல் போயிருந்தால், அந்தப் பாவம் என் கப்புகளுக்குத்தானே? ஃபோன் செய்து கேட்டேன். "மொத நாளு சுமாரு. ரெண்டாம் நாளு பொட்டி பத்தல. உன் இனிப்பு ராசியாத்தான் கீது" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தடை முடிகிற சமயத்தில் எனக்கு ஒரு ஃபோன் வரும். "பொட்டி கழுவி வெச்சிகீறேன். மொதல்ல வந்து நீ வெச்சிட்டுப் போ."

இந்த வருடமும் போய் வைத்தேன், இருபது கப். வைத்த கொஞ்ச நேரத்தில் குப்பத்துப் பிள்ளைகள் காலி செய்துவிட்டார்கள். வெளியூர் விசேஷங்களுக்கு இனிப்பு எடுத்துப்போக இப்போது நானும் அதே மாதிரி நீல மீன் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இது என்ன பெட்டி என்று யாராவது கேட்டால் மீன் பெட்டி என்றுதான் சொல்கிறேன், அதன் மேல் துணி போடுவதில்லை. அன்றைக்கு என் வெட்கத்தையும் சேர்த்துத் தன் கையாலேயே சொருகி மூடிவிட்டுப் பசியோடு பஸ் ஏறிப் போனாரே, அந்த மனசுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை இது ஒன்றுதான்.