மெட்ரோவில் உரக்கச் சொன்ன சம்பளம்

இரண்டு வருடங்களுக்கு முன் பெங்களூரு மெட்ரோவில், பெண்கள் பெட்டியில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடந்தது இது.

நான் கொழும்புக்காரி. கல்யாணமாகி மல்லேஸ்வரத்துக்கு வந்தவள். ஊரில் ஏழு வருடம் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் வேலை பார்த்திருந்ததால், ஒயிட்ஃபீல்டில் அதே மாதிரி வேலை சுலபமாகக் கிடைத்தது. வெளிநாட்டு கம்பெனிகளின் வரவு செலவைப் பார்த்து, எங்கே பணம் வீணாகிறது என்று சொல்வது எங்கள் தொழில். ஊரார் கணக்கையெல்லாம் அலசிய எனக்கு என் சம்பளத்தை அலசத் தோன்றவே இல்லை.

அலுவலகத்தில் எனக்கு வாய்த்த தோழி மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது. 'பேசுறது' என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் நான் 'கதைக்கிறது' என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அதையே சொல்லிக் கிண்டல் செய்வாள். மாலையில் சேர்ந்துதான் ரயில் ஏறுவோம். அவள் அல்சூரில் இறங்கிவிடுவாள். நான் மெஜஸ்டிக் போய் வண்டி மாறுவேன்.

அன்று எங்கள் இருவருக்கும் பதவி உயர்வு வந்திருந்தது. ஒரே பதவி. இப்போது வாங்கும் சம்பளத்தின் மேல் இத்தனை சதவீதம் என்று போட்டு, திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்லக் கேட்டிருந்தார்கள். நான் வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கி மடியில் வைத்திருந்தேன். அவளோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் ஒரு ஹைக்கா? பெட்ரோலுக்கே பத்தாது. உனக்கு எவ்ளோப்பா போட்டாங்க?"

எங்கள் அலுவலகத்தில் வாடகை, அட்வான்ஸ், மாமியார் சண்டை எல்லாம் பேசலாம். சம்பளத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது. ஆனால் சந்தோஷத்தில் இருந்தேனா, சொல்லிவிட்டேன்.

இந்திராநகர் வந்தது. அல்சூர் வந்தது. அவள் இறங்கவில்லை.

"ஏய், நான் இப்ப வாங்குறதே அதைவிட ஜாஸ்தி. அனுபவத்துல உன்னைவிட ரெண்டு வருஷம் சின்னவ நான்!" என்றவள், தன் சம்பளத்தை உரக்கச் சொன்னாள். பெங்களூரில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் தமிழ் தெரிந்த நாலு பேர் இருப்பார்கள். எதிரே இருந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சேரும்போது பழைய சம்பளம் கேட்டிருப்பாங்களே, என்ன சொன்னே?"

"கையில கிடைச்சதைத்தான் சொன்னன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இங்கே சம்பளம் என்றால் பிஎஃப், போனஸ், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டி வருடத்துக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்களாம். நானோ எங்கள் ஊர் வழக்கப்படி மாதம் கைக்கு வந்ததை மட்டும் சொல்லியிருந்தேன். அதுவும் இலங்கை ரூபாய் படுத்துக் கிடந்த காலம். அதை இந்திய ரூபாயாக மாற்றி, அதன் மேல் கொஞ்சம் சேர்த்து, சம்பளம் என்று தந்துவிட்டார்கள். சொன்னதும் நான்தான், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டதும் நான்தான். கோபப்பட ஆள்கூட இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

"இப்ப ஒத்துக்கிட்டேன்னா அடுத்த கம்பெனியிலயும் இது மேலதான் பர்சன்டேஜ் போடுவாங்க. திங்கக்கிழமை போய்ப் பேசு. கஷ்டத்தைச் சொல்லாத, வேலையைச் சொல்லு. நம்ம ரெண்டு பேர் வேலைக்கும் கிளையண்ட்கிட்ட ஒரே ரேட்டுதானே வாங்குறாங்க?"

மெஜஸ்டிக் வரை என்னோடு வந்துவிட்டு, எதிர் ரயிலில் திரும்பிப் போனாள். தன் சம்பளத்தை அவள் வெளியே சொன்னது அலுவலகத்துக்குத் தெரிந்தால் அவள் வேலைக்கே ஆபத்து என்பது எனக்கு அன்று இரவுதான் உறைத்தது.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். மைசூர்க்காரர், நல்ல மனிதர். தமிழும் ஓரளவு பேசுவார். "சிஸ்டமே அப்படிதாம்மா, பழைய சம்பளத்து மேலதான் போடும்" என்றார். அவள் பெயரை நான் எடுக்கவில்லை. "சேர், என்ட வேலைக்குக் கிளையண்ட்கிட்ட கொழும்பு ரேட்டா வாங்குறீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் என் கணக்கைத் திரையில் திறந்து பார்த்தார். "அக்செப்ட் பண்ணாதீங்க, நான் பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

இழுபறிக்குப் பிறகு திருத்திய சம்பளம் வந்தது. என் அனுபவத்தையும் கணக்கில் எடுத்திருந்தார்கள். அன்று ரயிலில் ஏறியதும் அவள் ஆசையாகக் கேட்டாள்: "எவ்ளோ?"

இப்போது என் சம்பளம் அவளுடையதைத் தாண்டியிருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அல்சூரில் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனாள். எனக்கு இந்த ஊரில் இருந்ததே ஒரு தோழி. சம்பளம் கூடிய அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அல்சூரில் கதவு திறந்ததும் அவள் ஏறினாள். நெருக்கித் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நேத்து வயிறு எரிஞ்சுதுப்பா, பொய் சொல்ல மாட்டேன். இன்னிக்கு மேனேஜர்கிட்ட நான் போறேன். என்ன கதைக்கணும்னு நீ சொல்லிக்குடு."

ஒயிட்ஃபீல்டு வரை சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கும் கொஞ்சம் கூடியது, என் அளவுக்கு இல்லை. பிறகு நான் கம்பெனி மாறியபோது, பழைய சம்பளத்தைக் கேட்டவர்களிடம் இந்த வேலைக்கு என்ன தருவீர்கள் என்று திருப்பிக் கேட்கும் தைரியம் எனக்கு வந்திருந்தது. இன்றைக்கும் எங்களில் யாருக்குச் சம்பளம் கூடினாலும் முதல் போன் மற்றவளுக்குத்தான். வயிறு எரிந்தாலும் மறுநாள் வந்து பக்கத்தில் நிற்கிற ஒருத்தி இருந்தால், எந்த ஊரும் நம் ஊர்தான்.