யேசுரத்தினம் பாதிரியார் அவசரப்பட்டு அடித்த மணி

கன்டோன்மெண்ட் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு யேசுரத்தினம் பாதிரியாராக வந்தது நாற்பத்தெட்டில். கிறிஸ்தவ மாணவர்களின் ஆத்துமாவைக் கவனித்துக்கொள்வதுதான் வேலை என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள். வந்து பார்த்தால் விடுதியில் கிறிஸ்தவப் பையன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனுஷர் சும்மா உட்காரும் ரகமா? சரஸ்வதி பூஜைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக நிற்பார். வீட்டு நினைப்பில் அழுகிறவன் எந்த மதமானாலும் சைக்கிளில் ஏற்றிப்போய்த் தோசை வாங்கித் தருவார்.

"இப்படியே போனா உங்களுக்குப் பிரசங்கம் பண்றதே மறந்துடும்" என்று மனைவி கேத்தரின் கேலி செய்வாள்.

ஐம்பத்தேழில் ரம்ஜான் ஏப்ரலில் வந்தது. மசூதியின் பாங்கு விடுதிவரை கேட்காது. நோன்பிருந்த நஸீரும் கூட்டாளிகளும் பாதிரியாரைத் தேடி வந்தார்கள்.

"ஃபாதர், பொழுது இறங்கினதும் நீங்க சர்ச் மணி அடிச்சீங்கன்னா நாங்க நோன்பு திறந்துக்குவோம்."

அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தினமும் பஞ்சாங்கத்தில் அஸ்தமன நேரம் பார்த்து, கயிறும் கையுமாக நிற்பார்.

ஈஸ்டர் நெருங்கியது. பாட்டுப் பயிற்சிக்கு ஆள் கூப்பிடவும் அதே மணிதான். ஒரு மாலை பாட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை. மழைமேகம் வேறு இருட்டிக் கிடந்தது. பொறுமையிழந்த பாதிரியார் பழக்கதோஷத்தில் கயிற்றை இழுத்துவிட்டார். மூன்றாவது இழுப்பில்தான் உறைத்தது. அங்கி காலைத் தடுக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார். அதற்குள் பேரீச்சம்பழம் தீர்ந்து, கஞ்சியும் பாதி காலி. மேகம் விலகி, ஜன்னலில் மஞ்சள் வெயில் அடித்தது.

நஸீர் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "பரவாயில்ல ஃபாதர். பெருநாளுக்கு அப்புறம் ஒரு நோன்பு சேத்து வெச்சாப் போதும்."

மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் மறுநாளிலிருந்து ஒருவன் சைக்கிளில் மசூதிக்குப் போய்ப் பாங்கு கேட்டுவிட்டு வருவான். அதற்கு முன் மணி அடித்தாலும் யாரும் கை நீட்டமாட்டார்கள். இத்தனை வருஷம் சம்பாதித்த நம்பிக்கையை ஒரே நாளில் தொலைத்தோமே என்று பாதிரியார் நொந்துபோனார்.

பெருநாள் முடிந்து பையன்கள் அந்த நோன்பை வைத்த அன்று தானும் வைத்தார். காபி குடிக்காமல் ஜெபமே வராத மனுஷர்! காலையிலேயே தலைவலி. விடுதிச் சமையல்காரர் முனிகிருஷ்ணன் தம்ளரோடு வந்து நின்றார்.

"ஸ்வல்ப காபி, ஒரு வாய் குடிங்க சாமி, யார் பாக்கப்போறாங்க?"

"யாரும் பாக்க வேணாம்ப்பா. அந்த மணிய அடிச்சது நான்."

சாயங்காலம் கூடத்தில் பையன்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். வெளிச்சம் மங்கியது. சைக்கிள் சுவரோரம் சாய்ந்து கிடப்பதைக் கண்டு அவருக்குப் பதற்றமாகிவிட்டது.

"ஏம்ப்பா, பாங்கு கேக்க யாரும் போகலையா?"

"இல்ல ஃபாதர்" என்றான் நஸீர். "நீங்க இங்க வந்து உக்காந்துட்டா மணி யார் அடிக்கிறது? எல்லாருக்கும் பசிக்குதுல்ல?"

பாதிரியார் எழுந்தார். காலையிலிருந்து மண்டையைப் பிளந்த தலைவலி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.