பெட்டிக்கு இரண்டு

இன்று காலை மகன் கடையில் பல்பு பெட்டியைப் பிரிக்கப் போனேன். டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தது. அடியில் இருந்தது பழுப்பு, கம்பெனி ஒட்டியது. மேலே இருந்தது வெள்ளை, எங்கள் கடை மேசையில் எப்போதும் கிடப்பது. எனக்கு முன்னாலேயே யாரோ பெட்டியைத் திறந்து, திரும்ப மூடி வைத்திருக்கிறார்கள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மனைவி போன பிறகு நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் மகன் வந்து, "கம்பெனியிலேருந்து எரியாத பல்பெல்லாம் கலந்து வருதுப்பா. நீங்க வந்து செக் பண்ணி குடுத்தா நல்லாருக்கும்" என்றான். ஜங்ஷன் ரோட்டில் அவனுக்கு எலக்ட்ரிக் கடை. இரண்டு மாதமாகப் போகிறேன். ஒவ்வொரு பல்பாக ஹோல்டரில் மாட்டி எரிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பெட்டிக்கு இரண்டு பழுது அகப்படும். அகப்பட்டதும், "டேய், இங்க பாரு ஒண்ணு!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவேன். அறுபத்தெட்டு வயதில் இதற்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போகிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நானும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளை டேப்பைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து வந்தது அட்டை வாசனைதான். என் மூக்கில் ஏறியதோ வைக்கோல் வாசனை. சூளையிலிருந்து இறக்கிய பீங்கானைச் சுற்றிக் கட்டும் வைக்கோல், களிமண் தூசியும் சேர்ந்தது.

இருபத்தேழு வயதில் நான் இதே ஊரில் ஒரு பீங்கான் யூனிட்டில் சூப்பர்வைசர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு காலாடும் நாற்காலி, சட்டைப்பையில் இரண்டு பேனா. கரண்டுக் கம்பத்தில் ஒயரைத் தாங்குமே, அந்தப் பீங்கானைத்தான் அங்கே செய்தோம். சூளை பிரித்ததும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இடது கையில் தூக்கிப் பிடித்து, சின்ன இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்லது கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். தேறியதன் அடியில் தட்டியவர் தன் அடையாளத்தை நீல மையில் போட வேண்டும். பின்னால் விரிசல் என்று திரும்பி வந்தால் யார் விட்டது என்று தெரிய வேண்டுமல்லவா?

தனபாக்கியம் அம்மாளின் அடையாளம் முக்கோணம். வயது அப்போதே எழுபதை ஒட்டி இருக்கும். மங்கலம்பேட்டைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மற்றவர்கள் வருவதற்குள் தன் இடத்தைப் பெருக்கி, சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். கம்பியின் கைப்பிடியில் பழைய சேலைத் துணி சுற்றியிருப்பார். நான் பேசும்போது என் வாயையே உற்றுப் பார்ப்பார். பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறது போல என்று நான் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வேன். அவ்வளவு விவரமான ஆள் நான்.

ஒருமுறை, "இந்த வயசுல எதுக்கு பெரியம்மா பஸ் ஏறி வந்து கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டேன்.

"சோறு மவன் போடுறான் தம்பி. கொற சொல்லக் கூடாது. ஆனா வூட்ல குந்தினா செவுத்ததான் பாத்துக்கினு இருக்கணும். காலைல எழுந்தா கெளம்பிப் போவ ஒரு எடம் வேணும்ல?"

இதைக் கேட்டு அன்றைக்கு நான் தலையாட்டினேன். புரிந்து ஆட்டியதல்ல.

ஒருநாள் சூளையிலிருந்து பீங்கான் ஏற்றி வந்த தள்ளுவண்டி கைநழுவி, சரிவில் அவர் முதுகை நோக்கி உருண்டது. யூனிட்டே அலறியது. அவர் திரும்பவில்லை. தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த சரோஜா பாய்ந்து அவரை இழுக்காவிட்டால் வண்டி ஏறியிருக்கும். அவருடைய கூடை நசுங்கிப் போனது. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"காது கேக்காதவங்களை வெச்சு சத்தம் பாக்குறதா? நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றார் முதலாளி. எனக்கு மனசு கேட்கவில்லை. என் பொறுப்பு என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன். அவர் இடத்தைச் சரிவை விட்டுத் தள்ளி, சுவரோரமாக மாற்றினேன். அதோடு நின்றிருக்கலாம். சரோஜாவைத் தனியே கூப்பிட்டு, "நீங்க தட்டிப் பாத்து நல்லதா மட்டும் அவங்க கூடையில போட்டுடுங்க. அவங்க பாட்டுக்குத் தட்டட்டும்" என்றேன். "புண்ணியமாப் போவும் சார்" என்றார் சரோஜா. அன்று மாலை நான் வீட்டுக்குப் போன நடையே வேறு. நல்ல மனிதன் நடக்கிற நடை.

மூன்றாம் நாள், சாப்பாட்டுச் சங்குக்கு முன்னால், தனபாக்கியம் அம்மாள் கூடையைத் தரையோடு இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மூணு நாளா என் கூடையில ஒரு விரிசல் வரல. ஒண்ணுகூட விரியாம எந்தச் சூளையில தம்பி பீங்கான் வேவுது?"

நான் ஏதோ முனகினேன்.

"நீ கத்தினாலும் கேக்காது. காது போயி ரெண்டு வருசம் ஆவுது."

மேசை மேல் மாதிரிக்கு வைத்திருந்த நல்ல பீங்கானை எடுத்து என் இடது கையில் வைத்துத் தட்டினார். விரல்களுக்குள் ஒரு அதிர்வு ஓடி மெல்ல அடங்கியது. அடுத்து, கழித்துப் போட்ட ஒன்றை வைத்துத் தட்டினார். விரலில் ஒன்றுமே இல்லை.

"வெரல்லதான் பாக்குறேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

துணி சுற்றிய கம்பியை என் மேசையில் வைத்தார். சாக்கை உதறி மடித்து எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். தலை குனிந்த பெண்கள் யாரும் நிமிரவில்லை. விரிசல் என்று திரும்பி வந்த பீங்கானெல்லாம் மூலையில் ஒரு சாக்கில் கிடந்தது. அவர் போன பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். வட்டம் இருந்தது, பெருக்கல் குறி இருந்தது. முக்கோணம் ஒன்றுகூட இல்லை.

பத்து நாள் கழித்து அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "இப்பல்லாம் யார்கூடவும் பேசறதே இல்ல சார், சும்மாவே குந்தியிருக்காங்க" என்றாள் மருமகள். நான் எதிரே போய் உட்கார்ந்து, வாய் தெரியும்படி நிதானமாகச் சொன்னேன்: "தப்பு பண்ணிட்டேன் பெரியம்மா. திரும்ப வாங்க. இனிமே நெஜமான கூடையே தரேன்."

நான் சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "தருவ தம்பி. ஆனா நீ எந்தக் கூடயத் தந்தாலும் இனிமே எனக்குச் சந்தேகமாதான இருக்கும்? அப்புறம் எதத் தட்டுறது நானு?"

டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பொங்கலுக்கு அவர் இல்லை. வியாதி என்று ஒன்றும் இல்லையாம், சோறு இறங்கவில்லையாம். எந்த டாக்டரும் சொல்லாவிட்டாலும் அது என் கைவேலை என்று எனக்குத் தெரியும்.

இப்போது அந்த யூனிட் இல்லை. சூளையை இடித்துவிட்டு வாடகைக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுச் சங்கு இல்லை. சரோஜாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் துணி சுற்றிய கம்பியைப் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். வீடு மாற்றியபோது எங்கே போனதென்று தெரியவில்லை.

இந்தக் கதையை வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் என்னையே கிண்டல் செய்துகொள்வேன்: "பொய் சொல்லவும் தொழில் தெரியணும்டா. கூடைக்கு ரெண்டு விரிசலக் கலந்து வெச்சிருந்தா, கெழவிக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது." சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மகன் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

வெள்ளை டேப்பைக் கிழித்து, பல்புகளை ஒவ்வொன்றாக ஹோல்டரில் மாட்டினேன். பதினோராவது எரியவில்லை. முப்பத்திரண்டாவது எரியவில்லை. மற்றதெல்லாம் எரிந்தது.

"எத்தனப்பா?" என்றான் மகன், பில் போட்டுக்கொண்டே. முகத்தில் அவ்வளவு பிரியம்.

எழுந்து போகத் தனபாக்கியம் அம்மாளால் முடிந்தது. எனக்குக் கால் வரவில்லை. போனால் வீட்டில் இருப்பது சுவர்தான்.

"ரெண்டுடா" என்றேன். நாளைக்கு வேறு பெட்டி வரும், அதிலும் இரண்டு இருக்கும். சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன்.