பெங்களூரா தோப்பும் பெரிய லென்ஸும்

அண்ணன் தோப்பில் ஆலங்கட்டி மழை பெய்து மாங்காயெல்லாம் கொட்டிப்போனதற்கு நான் எடுத்த ஒரு புகைப்படம்தான் காரணம் என்று என் சொந்தக்காரர்கள் நம்பினார்கள். சிலர் இன்னும் நம்புகிறார்கள். நம்பட்டும். நான் கேமராவை விற்கவில்லை, விற்கப்போவதும் இல்லை. கடைசியில் இவள் திருந்தியிருப்பாள் என்று எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பொம்மிடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவர் இரு சக்கர வாகன உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். மகள் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் ஊசி, ரத்தம், மைக்ரோஸ்கோப். ஏழாவது நாள் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இதற்கு எனக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. பரிசு எதுவும் வாங்கியதில்லை. “அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிவி முன்னால் படுத்துக் கிடப்பவர்கள். அவர்களை நான் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

கேமரா வாங்கிய முதல் வருடம் ஒகேனக்கல்லில் பரிசலில் போனேன். பாறை ஓரமாகக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் தெறிக்காமல் இருக்கக் கேமராவைப் பாலித்தீன் பையில் சுற்றி, அதன் மூக்கை மட்டும் வெளியே விட்டிருந்தேன். பரிசல்காரர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். “யம்மா, நீங்க வுழுந்தா தூக்கிருவேன். அது வுழுந்தா என்னால ஆவாதுங்க” என்றார். “அதை மொதல்ல தூக்குங்க. எனக்காச்சும் லைஃப் ஜாக்கெட் இருக்குது, அதுக்கு இல்லீங்களே” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் துடுப்பு கையிலிருந்து நழுவப் பார்த்தது. அந்தச் சிரிப்பைத்தான் அன்று எடுத்தேன், அருவியை அல்ல. அருவியைத்தான் எல்லோரும் எடுக்கிறார்களே.

வத்தல்மலைக்கு ஸ்கூட்டரிலேயே ஏறிவிடுவேன். என் கணவர் பின்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் குலதெய்வத்தைக் கூப்பிடுவார். மேலே சாமை விளைந்த காட்டில் ஒரு அக்கா களை பறித்துக்கொண்டே, “என்னை எடுத்து என்னா பண்ணப்போற?” என்று கேட்டார். “வூட்டுல வெச்சுப் பாத்துக்கினு இருப்பேன்க்கா” என்றேன். “அவ்ளோதானா? அப்ப எடுத்துக்க” என்று விட்டார். சித்தேரி மலையில் ஒருநாள் பனி விலகட்டும் என்று உட்கார்ந்திருந்தே பஸ்ஸைக் கோட்டை விட்டேன். கீழே இறங்கிய ஒரு லாரியில் ஏறி அரூர் வந்து சேர்ந்தேன். லாரியில் வந்ததைச் சொன்னதும் என் அம்மா ஒரு பாட்டம் அழுதார். படம் நன்றாக வந்திருந்தது.

இப்போது தோப்புக்கு வருகிறேன். எங்கள் அப்பா விட்டுப்போன மாந்தோப்பு கம்பைநல்லூர்ப் பக்கம் இருக்கிறது. முழுக்க பெங்களூரா ரக மரங்கள். அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறான். அம்மா அவனோடு இருக்கிறார். எங்கள் பக்கத்தில் வழக்கம் என்னவென்றால், பிஞ்சு பிடித்ததும் வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து, காயை மரத்தோடு மொத்தமாகக் குத்தகை பேசிவிடுவார். அதன் பிறகு காற்றடித்தாலும் மழையடித்தாலும் அவர் பாடு. விலை கொஞ்சம் குறைவாகத்தான் படியும். ஆனால் தோப்புக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு தூக்கம் கெட வேண்டியதில்லை.

போன வருடம் பங்குனியில் அம்மாவைப் பார்க்கப் போனேன். சாயங்கால வெயில் தோப்புக்குள் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு பிஞ்சும் தனித்தனியாக மின்னியது. வரப்பின் அந்தக் கோடியில் நின்று பெரிய லென்ஸைப் போட்டு ஒரு படம் எடுத்தேன். படம் அருமையாக வந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கைகூப்பும் பொம்மையும் பூச்செண்டும் போட்டார்கள். அண்ணன் அதைத் தன் ஸ்டேட்டஸாகவே வைத்துக்கொண்டான்.

சில நாள் கழித்து அவனே போன் செய்தான். குரலிலேயே மீசை முறுக்கியது தெரிந்தது.

“பாப்பா, வியாபாரி வந்திருந்தான். ஒரு வெலை சொன்னான். உன் படத்தை எடுத்துக் காட்டி, ‘இந்தத் தோப்புக்கு இந்த வெலையாய்யா?’ன்னு கேட்டு அனுப்பிட்டேன். இந்த வருசம் குத்தகையே கெடையாது. நானே பறிச்சு நானே மாங்கூழ் பேக்டரிக்கு ஏத்தறேன்.”

தூரத்தில் நின்று பெரிய லென்ஸில் எடுத்தால், முன்னால் இருக்கும் மரமும் பின்னால் இருக்கும் மரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பது போலத் தெரியும். நாலைந்து மரத்துக் காய் ஒரே மரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குவது போல இருக்கும். படம் எடுப்பவர்களுக்கு அது அழகு. கணக்குப் போடுபவர்களுக்கு அது ஆபத்து.

“அண்ணா, போனைப் பாத்து மகசூல் கணக்குப் போடாத. அந்த லென்ஸ் எல்லாத்தையும் நெருக்கிக் காட்டும். தோப்புக்குள்ள போயி மரத்தைப் பாரு” என்றேன்.

“போ பாப்பா, எனக்கே தோப்பைப் பத்திச் சொல்றயா?” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

சித்திரையில் ஒரு மத்தியானம் காற்று கிளம்பியது. பின்னாலேயே ஆலங்கட்டி. அரைமணி நேரம் அடித்திருந்தால் அதிகம். தரையெல்லாம் காய். மரத்தில் மிச்சம் இருந்தவையும் அடிபட்டுக் கறுத்துப்போயின. அந்த மாங்காயை நம்பித்தான் அண்ணன் தோப்பை ஒட்டிப் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தான். வேலை லிண்டல் மட்டத்தோடு நின்றது. மழையில் துருப்பிடித்த கம்பிகளை அண்ணி தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வயிறு எரிந்ததில் நான் குறை சொல்ல மாட்டேன். என் வயிறும்தான் எரிந்தது.

ஆனால் அந்த எரிச்சல் என் பக்கம் எப்படித் திரும்பியது என்பதுதான் கதை. அண்ணி ஒரு குறிகாரரிடம் போயிருக்கிறார். “கண்ணாடி வழியாப் பாத்த கண்ணு பட்டிருக்கு” என்று அவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கேமராக்காரி கண் என்று முடிவாகிவிட்டது. அம்மா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் போய்த் தோப்பு வாசலில் பூசணிக்காய் உடைத்துக் கழிப்புக் கழிக்க வேண்டும், இனிமேல் கேமராவைத் தொடுவதில்லை என்று குலதெய்வம் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும், அப்புறம் வழக்கம்போல வந்து போகலாமாம்.

“அம்மா, நான் தெனமும் ஊர்க்காரங்க ரத்தத்தையே கண்ணாடி வழியாத்தான் பாக்கறேன். என் கண்ணு படும்னா பொம்மிடில பாதி சனம் எந்திரிச்சு நடமாட முடியாது” என்றேன்.

“வெளையாடாத ஆத்தா. ஒரு பூசணிக்காதான?”

பூசணிக்காய் மட்டுமென்றால் ஒன்றல்ல, ஒரு வண்டி உடைத்திருப்பேன். அம்மாவுக்காக அதைக்கூடச் செய்யமாட்டேனா? ஆனால் என் கண் கெட்ட கண் என்று என் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். அது முடியாது என்றேன். அப்படியானால் வர வேண்டாம் என்று அண்ணி சொல்லி அனுப்பினார்.

பிறந்த வீட்டுக்குப் போகாமல் இருப்பது எப்படி என்று அந்த வருடம் கற்றுக்கொண்டேன். ஆடிப்பெருக்குக்குப் போகவில்லை. பொங்கல் சீரை அண்ணன் நேரில் கொண்டுவரவில்லை. பொம்மிடிக்கு ரயில் ஏற வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அந்தக் கரும்பைப் பார்த்ததும் அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை. அழுது முடித்துவிட்டு முகம் கழுவி, கேமராவை எடுத்துக்கொண்டு வத்தல்மலைக்குப் போனேன். வீம்புதான். வீம்பு இல்லாவிட்டால் அன்று படுத்தே கிடந்திருப்பேன்.

என்னை அதிகம் வாட்டியது அண்ணியின் கோபம் அல்ல. வியாபாரியைத் திருப்பி அனுப்பிய விஷயம் அண்ணிக்குத் தெரியவே தெரியாது. ‘இந்த வருசம் வியாபாரி சரியா வரல’ என்று அண்ணன் வீட்டில் சொல்லி வைத்திருந்தான். அம்மா பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. ஆக, என் கண்மீது பழி இருக்கிறவரை அவன் தலை தப்பித்தது. ஒரு போன் செய்து அண்ணியிடம் நான் சொல்லியிருக்கலாம். கணவர் சொல்லச் சொன்னார், மகளும் சொல்லச் சொன்னாள். நான் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். அவனே சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம். அவன் வாயிலிருந்து வந்தால்தான் எனக்கு ஆறும்.

எப்படியோ கடனை உடனை வாங்கி வீட்டை முடித்தார்கள். மாசியில் புதுமனை புகுவிழா. எங்களில் புது வீட்டில் முதல் பாலைக் கூடப்பிறந்தவள்தான் காய்ச்ச வேண்டும். அண்ணனுக்கு இருப்பது நான் ஒருத்திதான். ஆகவே பத்திரிகை வந்தது. பின்னாலேயே அம்மாவின் போனும் வந்தது. “அதை மட்டும் வூட்டுலயே வெச்சுட்டு வந்துரு.”

பட்டுப்புடவை கட்டினேன். பூ வைத்தேன். கழுத்தில் கேமராவை மாட்டினேன். என் கணவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வாசலில் வாழைமரம், நிலைக்கு மேலே அசுரன் முகம், அதற்குப் பக்கத்தில் பூசணிக்காய், கற்றாழை, படிகாரம், கருப்புக் கயிறு. இத்தனை காவலையும் தாண்டி என் ஒருத்தியின் கண் உள்ளே போய்விடுமாம். அண்ணி ஆரத்தித் தட்டோடு வந்தார். என் கழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவருக்கு என் வயசுதான். கோபத்திலும் ‘ங்க’ மட்டும் குறையாது.

“அதை வண்டிப் பொட்டில வெச்சுட்டு வாங்க. நல்ல நேரம் போவுது.”

“இதோடதான் வருவேன் அண்ணி.”

அப்போதுதான் உள்ளே பார்த்தேன். ஸ்டுடியோக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் தோளில் வீடியோ கேமரா, ஒருவர் கையில் என்னுடையதைவிடப் பெரிய லென்ஸ். தோப்புக்கு மேலே ட்ரோன் ஒன்று பறந்துகொண்டிருந்தது. மரமெல்லாம் பூத்திருந்த நேரம். அதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அவங்க கண்ணு படாதுங்களா அண்ணி?” என்று கேட்டேன்.

“அவங்க கூலிக்கு வந்தவங்க. தொழிலு.”

“அப்ப கூலிக்குப் பாத்தா படாது. ஆசைக்குப் பாத்தாத்தான் படும். அப்படித்தானுங்களே?”

பந்தலில் இருந்தவர்கள் காபியை அப்படியே பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். “பாப்பா, எனக்காக. இன்னிக்கு ஒரு நாளு” என்றான். ஒரு வருடம் கழித்து அவன் என்னிடம் நேரில் பேசிய முதல் பேச்சு அது.

அவன் முகத்தையே பார்த்தேன். “நீ சொல்றயா, நான் சொல்லட்டுமா?” என்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஐயர் உள்ளிருந்து நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். அம்மா கதவோரம் வந்து நின்றார். அண்ணன் கீழே கோலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

“யாரு கண்ணும் படல. வியாபாரி வந்தான். நல்ல வெலைதான் கேட்டான். பாப்பா போட்ட படத்துல காய் நெறையத் தெரிஞ்சுது. அதைக் காட்டி நான்தான் குத்தகை குடுக்காம அனுப்பிட்டேன். படத்தைப் பாத்துக் கணக்குப் போடாதன்னு இவ அன்னிக்கே சொன்னா.”

அண்ணி தட்டோடு சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். அதில் இருந்த கற்பூரம் அணைந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தார்.

“அப்ப ஒரு வருசமா அவங்களை வரவேணாம்னு என்னைச் சொல்ல வுட்டுட்டு, நீங்க பேசாம இருந்தீங்களா?”

அண்ணி கற்பூரத்தை மறுபடி ஏற்றினார். எனக்கு ஆரத்தி எடுத்தார். பொட்டு வைக்கும்போது கேமராப் பட்டையில் கை பட்டது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு என் நெற்றியில் வைத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

உள்ளே போய்ப் பால் காய்ச்சினேன். கேமரா நெஞ்சில் தொங்கியது. அடுப்புச் சூடு படாமல் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அரிசியைப் போட்டேன். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. எல்லோரும் குலவை போட்டார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பந்தி முடிந்து கிளம்பும்போது அண்ணன் அண்ணியையும் பிள்ளைகளையும் வாசல்படியில் நிறுத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். வழிந்துகொண்டே சிரித்தான்.

“பாப்பா, உன் கையால எங்களை ஒண்ணு எடேன்.”

“அதுக்குத்தான் கூலிக்கு ஆளு வெச்சிருக்கயே, அவங்களை எடுக்கச் சொல்லு” என்றேன். “நான் ஆசைக்கு எடுக்கறவ. இன்னிக்கு ஆசை வரல.”